உங்களுக்குத் தெரியுமா? – மலையேறும் ஸ்போர்ட்ஸ் வாட்ச்

புதிதாக ஒரு விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் வாட்ச் வந்தால், வாட்ச் பிரியர்கள் இரண்டு விஷயத்தைத்தான் உடைத்து உடைத்துப் பேசுவார்கள்: வடிவம் எப்படி? இந்த விலைக்குத் தகுமா? விடை தேடி ஜெனிவா வரை போக வேண்டியதில்லை. பாதி விடை சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் வழியிலேயே கிடக்கிறது.

●

ஸ்போர்ட்ஸ் வாட்ச்சை ஆடம்பரப் பொருளாக்கியது தங்கம் இல்லை, நம் வீட்டுச் சமையலறையில் இருக்கும் எவர்சில்வரின் உறவுக்கார எஃகு. 1972-இல் பாசல் கண்காட்சியில் ஓடுமார் பிகே நிறுவனம் ‘ராயல் ஓக்’ வாட்ச்சை வைத்தபோது அதன் விலை 3,300 சுவிஸ் பிராங்க். அந்தக் காலத்தில் தங்க வாட்ச் வாங்குகிற பணம் அது. எஃகுக்கு இவ்வளவா என்று வாய் பிளந்தவர்கள் நிறைய. வரைந்தவர் ஜெரால்டு ஜென்டா. ஒரு மாலையில் தொலைபேசி வந்தது, மறுநாள் காலைக்குள் வரைந்து கொடுத்தேன் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். முக்குளிப்பவர்களின் தலைக்கவசத்தில் கண்ணாடியைச் சுற்றி மரைகள் முறுக்கியிருப்பதைப் பார்த்துப் பிறந்த வடிவம் அது.

●

அதே வாட்ச்சின் எண்கோண வளையத்தில் எட்டு திருகாணிகள் தெரியும். எட்டின் பிளவுக் கோடும் வட்டத்தை ஒட்டி ஒரே சீராக நிற்கும். சாதாரணத் திருகாணிகளை முறுக்கி அப்படி எட்டையும் சொன்ன இடத்தில் நிறுத்த முடியாது. ரகசியம் என்னவென்றால், அவை திருகாணியே அல்ல. ஆறு முனைத் தலை அதே அளவுக் குழிக்குள் உட்கார்ந்திருப்பதால் அசையாது, முறுக்குவதெல்லாம் பின்பக்கத்திலிருந்துதான். முன்னால் இருக்கும் பிளவு வெறும் அலங்காரம். எட்டும் வெள்ளைத் தங்கத்தில் செய்தவை!

●

சேலத்தில் கஞ்சமலை அடிவாரத்தில் இருக்கும் செயில் நிறுவனத்தின் சேலம் உருக்காலை 1981 முதல் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளை உருட்டி வருகிறது. ரூபாய் நாணயங்களுக்கான வட்ட வில்லைகளும் இங்கே வெட்டப்படுகின்றன. ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். சட்டைப் பையில் இருக்கும் எஃகு நாணயத்தில் காந்தத்தை வைத்தால் ஒட்டும். நல்ல வாட்ச்சின் உடலில் வைத்தால் ஒட்டாது. (வைத்துத்தான் பார்ப்பேன் என்றால் அடுத்தவர் வாட்ச்சில் வேண்டாம். உள்ளே இருக்கும் மயிரிழைச் சுருள் காந்தமேறினால் நேரம் தாறுமாறாக ஓடும்.) இரண்டும் எஃகுதான், சேர்மானம் வேறு. நாணய எஃகில் நிக்கல் கிடையாது. பாத்திர எஃகான 304-இல் 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். வாட்ச் உலகம் பெரும்பாலும் நம்பும் 316எல்-இல் இவற்றோடு இரண்டு, மூன்று பங்கு மாலிப்டினம். வியர்வை, கடல்நீர் உப்பு அரிக்காமல் காப்பது அதுதான். ரோலெக்ஸ் ஒருபடி மேலே போய் 904எல் வகைக்கு மாறியது. அதில் நிக்கலும் மாலிப்டினமும் இன்னும் கூடுதல்.

சரி, விலைக்கு வருவோம். ஒரு வாட்ச்சின் உடலும் செயினும் சேர்ந்து நூறு கிராம் சொச்சம் எஃகு. கச்சா எஃகின் விலையில் கணக்குப் போட்டால் இரண்டு டீ, இரண்டு வடைக்கு மேல் தேறாது. மிச்சப் பணம் எங்கே போகிறது? பெரும்பகுதி பெயருக்குப் போகிறது; ஒரு பகுதி நியாயமாகவே கைவேலைக்குப் போகிறது. நல்ல ஸ்போர்ட்ஸ் வாட்ச்சில் ஒரு பக்கம் நார்நாராக இழைத்த மங்கல் பரப்பு இருக்கும், அடுத்த பக்கம் முகம் பார்க்கும் பளபளப்பு. இரண்டும் சந்திக்கும் விளிம்பு கோடு கிழித்தது போல் கூராக நிற்க வேண்டும். வாட்ச் தெரிந்தவர்கள் கையில் எடுத்ததும் டயலைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த விளிம்பைத்தான் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள். தெருமுனைக் கடையில் ‘பாலிஷ் போட்டுத் தரேன்’ என்று சக்கரத்தில் பிடித்தால் போயிற்று. விளிம்பு மழுங்கும், கூடவே மறுவிற்பனை விலையும் இறங்கும்.

●

சேர்வராயன் மலையின் செம்மண் மேடுகளில் பாக்சைட் இருக்கிறது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டை வைத்துத்தான் மேட்டூர் மால்கோ ஆலை பல ஆண்டுகள் அலுமினியம் எடுத்தது. பாக்சைட்டைச் சுத்திகரித்தால் கிடைப்பது அலுமினியம் ஆக்சைடு. அதையே மாசில்லாமல், சுமார் 2,050 டிகிரி செல்சியஸில் உருக்கிப் படிகமாக வளர்த்தால்? நீலக்கல். விளம்பரங்களில் ‘சஃபையர் கிரிஸ்டல்’ என்று பெருமையாகப் போடுகிறார்களே, அந்த வாட்ச் கண்ணாடி இதுதான். துளி குரோமியம் சேர்த்தால் மாணிக்கம். வாட்ச்சுக்குள் சக்கர அச்சுகள் சுழலும் ‘ஜுவல்’கள் அவை. பிரான்ஸின் ஆகஸ்ட் வெர்னுய் 1902-இல் இந்த முறையை வெளியிட்ட பிறகு, வாட்ச்சுக்குள் இருக்கும் கற்கள் எல்லாம் படிப்படியாக ஆலைச் சரக்காகிவிட்டன. ‘17 ஜுவல்’ என்று டயலில் போட்டிருக்கிறதே, பிரித்து விற்கலாமா என்று யாரும் ஆசைப்பட வேண்டாம்.

சஃபையர் கண்ணாடி இன்று சில ஆயிரம் ரூபாய் வாட்ச்சிலேயே வந்துவிட்டது. அதைக் காட்டி யாராவது லட்சக்கணக்கில் விலை சொன்னால் அந்தக் காரணம் செல்லாது.

●

மணிக்கட்டில் மலை உயரம் காட்டும் இயந்திர வாட்ச் 1962-இலேயே வந்துவிட்டது. ஃபேவர் லூபா நிறுவனத்தின் ‘பிவோக்’. பேட்டரி கிடையாது. உள்ளே காற்று உறிஞ்சிய ஒரு சின்ன உலோகப் பெட்டி. வெளிக்காற்றின் அழுத்தம் குறையக் குறைய அது உப்பும், அந்த அசைவை ஒரு முள் உயரமாகக் காட்டும். 3,000 மீட்டர் வரை அளக்கும். நம் ஊரில் தொட்டபெட்டா உச்சிக்கே அது போதும்.

ஏற்காட்டில் இது எப்படி வேலை செய்யும் என்று யோசித்தால் சுவாரஸ்யம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குக் கீழ். ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடிப்பதற்குள் முள் 1,200 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். சேர்வராயன் கோயிலுக்குப் போனால் இன்னும் ஒரு நூறு மீட்டர். அதன் பிறகுதான் வேடிக்கை. அந்த வாட்ச்சைக் கழற்றி அறையில் மேசை மேல் வைத்துவிட்டுக் காலை பத்து மணிக்கு ஒரு முறை, மாலை நாலு மணிக்கு ஒரு முறை பாருங்கள். மேசை நகரவில்லை, ஆனால் வாட்ச் இருபது, முப்பது மீட்டர் ஏறியிருக்கும்! வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் காலை பத்து மணி வாக்கில் உச்சத்துக்குப் போய், மாலை நாலு மணி வாக்கில் இரண்டு, மூன்று மில்லிபார் இறங்கும். இரவிலும் இதே போல ஒரு சுற்று உண்டு. ஏற்காட்டு உயரத்தில் ஒரு மில்லிபார் என்பது ஏறத்தாழ பத்து மீட்டர். ஆகவே உயரம் தெரிந்த ஓர் இடத்தில் நின்று முள்ளைத் திருத்திக்கொண்ட பிறகுதான் இந்த வாட்ச்சை நம்பலாம். இன்றைய ஸ்மார்ட் வாட்ச்சின் உயரமானியும் காற்றழுத்தத்தை வைத்து அளக்கும் மட்டும் அதே கதைதான்.

நம் தாத்தா தலைமுறையில் ஃபேவர் லூபா கட்டியவர்கள் கணிசம். அந்த சுவிஸ் நிறுவனத்துக்கு இந்தியா நெடுங்காலச் சந்தை. 2011-இல் அதை வாங்கியது யார் தெரியுமா? ஒசூரில் ஆலை வைத்திருக்கும் நம் டைட்டன். பிறகு அந்தப் பெயரில் 9,000 மீட்டர் வரை அளக்கும் ‘பிவோக் 9000’ வந்தது. எவரெஸ்டின் உச்சியையும் தாண்டிய அளவு. சில ஆண்டுகளில் டைட்டன் அந்தப் பெயரைக் கைமாற்றிவிட்டது. சாகசக்காரர்களுக்கான அருமையான கருவி, ஆனால் கடைக்கு வருகிறவர்கள் சாகசக்காரர்கள் இல்லையே.

●

பந்தய வாட்ச்களின் வளையத்தில் 500, 400, 300 என்று இறங்கி வரும் எண்கள் ‘டாக்கிமீட்டர்’. அதை டயலிலிருந்து வெளி வளையத்துக்குக் கொண்டுவந்தது 1957-இன் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். ஒரு கிலோமீட்டர் கல்லில் முள்ளை ஓடவிட்டு அடுத்த கல்லில் நிறுத்தினால், முள் காட்டும் எண்தான் உங்கள் வேகம். 45 நொடி ஆனால் 80. கணக்கு எளிது, 3,600-ஐ நொடிகளால் வகுப்பது. ஆனால் பெரும்பாலான வாட்ச்களில் அளவுகோல் 60-இலேயே முடிந்துவிடும். ஏற்காடு மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி, மணிக்கு முப்பதில் ஏறுகிறவருக்கு முள் இரண்டு சுற்று சுற்றிவிடும், விடை கிடைக்காது. அறுபதைத் தாண்டி விடை கிடைக்கிற மாதிரி யாராவது அங்கே ஓட்டினால், அவருக்குத் தேவை வாட்ச் இல்லை, நல்ல புத்தி.

●

‘30 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்றால் முப்பது மீட்டர் ஆழத்துக்கு இறங்கலாம் என்று பொருள் இல்லை. கை கழுவலாம், தூறலில் நனையலாம்; அவ்வளவுதான். நீச்சலுக்கு 100 மீட்டராவது வேண்டும். இதற்கான சர்வதேசத் தரச் சோதனையில் ஒரு கட்டம் இப்படி: வாட்ச்சை 40 டிகிரிக்கு மேல் சூடாக்கி, கண்ணாடி மேல் ஒரு துளி குளிர்ந்த நீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்ப்பார்கள். கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்தால் வாட்ச் தோல்வி. சேலத்துச் சித்திரை வெயிலில் கிளம்பி மேலே போய்ச் சாரலில் நிற்கிறவர் இந்தச் சோதனையை இலவசமாகவே செய்துவிடுகிறார். உள்ளே பனித்தால் தானாகக் காயட்டும் என்று விடாதீர்கள். ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். அதை மாற்றுவது மலிவு, துருப்பிடித்த இயந்திரத்தை மாற்றுவது மலிவல்ல.

●

திருப்பிப் போட்டால் கண்ணாடி உள்பக்கம் ஒளிந்துகொள்ளும் ‘ரிவெர்சோ’ வாட்ச் 1931-இல் பிறந்தது இந்தியாவில் போலோ ஆடிய பிரிட்டிஷ் அதிகாரிகளுக்காக. பந்து பட்டுக் கண்ணாடி உடைகிறது என்பதுதான் அவர்கள் புகார். இன்று அதைக் கட்டுகிறவர்களில் குதிரையை அருகில் பார்த்தவர்கள் எத்தனை பேரோ.

●

2024 அக்டோபரில் படெக் பிலிப் 25 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு புதிய வாட்ச் குடும்பத்தை இறக்கியது: ‘கியூபிட்டஸ்’. முனை மழுங்கிய சதுரம், 45 மி.மீ. பச்சை டயல் போட்ட எஃகு மாடல் 41,240 டாலர். அன்றைய கணக்கில் ஏறத்தாழ 35 லட்சம் ரூபாய். வந்த அன்றே பிரியர்கள் பிய்த்து எடுத்தார்கள். 1976-இல் அதே ஜென்டா வரைந்த ‘நாட்டிலஸ்’ வாட்ச்சின் ஓரங்களைச் சதுரமாக்கிவிட்டால் புதிய வடிவமா? இவ்வளவு பெரியதை யார் கட்டுவது? மறுநாளே இன்னொரு கூட்டம், கையில் கட்டிப் பார்க்காமல் பேசாதீர்கள் என்றது. அதிலும் நியாயம் உண்டு. அந்த 45 மி.மீ. மூலைவாட்டில் அளந்தது, கனமோ எட்டு மி.மீ. சொச்சம்தான். ஆறே மாதத்தில் 40 மி.மீ. அளவிலும் தங்கத்தில் வந்துவிட்டது. என் பங்குக்குச் சொன்னால், டயல் அழகு, உடல் சோம்பேறித்தனம். ராயல் ஓக்கையும் 1972-இல் இப்படித்தான் திட்டினார்கள் என்பது கியூபிட்டஸ் ரசிகர்களின் கடைசி அஸ்திரம். திட்டு வாங்கிய எல்லாமே ராயல் ஓக் ஆகிவிடாது.

●

காத்திருப்புப் பட்டியல், விலைக்கு மேல் விலை எல்லாம் ரோலெக்ஸ் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். 1961-இல் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி.யின் ‘காஞ்சன்’, கல்யாண மாப்பிள்ளைக்குப் போட வேண்டிய வாட்ச்சாகி, குறித்த விலைக்கு மேல் கொடுத்தும் கிடைக்காமல் அலைய வைத்தது. நம் பக்கத்து ஒசூரிலோ பந்தயம் வேறு திசையில் போனது. 2002-இல் வந்த டைட்டன் ‘எட்ஜ்’ மொத்தமே 3.5 மி.மீ. கனம், உள்ளிருக்கும் இயந்திரம் 1.15 மி.மீ. இத்தனைக்கும் 30 மீட்டர் நீர்த்தடுப்பு. சுவிஸ்காரர்கள் கைவிரித்த வேலை என்று ஒசூரில் பெருமையாகச் சொல்வார்கள், சொல்லட்டும், தகும்.

●

கடைசியாகக் காசு விஷயம். சுவிஸ் வாட்ச் இந்தியா வரும்போது அடிப்படைச் சுங்கவரி 20 சதவீதம், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்பதுதான் நெடுநாள் நடைமுறையாக இருந்தது. 2024 மார்ச் 10-இல் சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிக்டென்ஸ்டைன் நாடுகளோடு இந்தியா போட்ட ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1-இல் அமலுக்கு வந்தது. அதன்படி சுவிஸ் வாட்ச்களின் சுங்கவரி ஏழு ஆண்டுகளில் படிப்படியாகக் கரையும். வரி குறைந்த அளவுக்குக் கடை விலையும் குறையும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பிராங்க் ஏறினாலோ, கம்பெனி விலையை உயர்த்தினாலோ அந்த லாபம் அங்கேயே கரைந்துவிடும். இன்னொன்று: 2025 ஏப்ரல் 22 முதல், 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் கைக்கடிகாரம் வாங்கினால் கடைக்காரர் ஒரு சதவீதம் கூடுதலாகப் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டுகிறார். அது உங்கள் பான் எண்ணில் வரவாகும்; ஆண்டுக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். 35 லட்ச வாட்ச்சுக்கு 35,000 ரூபாய். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.