குழுக் கணக்குக்கு ஒரு சொந்தப் பெட்டி

நம் மகளிர் குழுக்களில் தீர்மானம், கடன் தவணை, போட்டோ எல்லாம் யாராவது ஒரு பெண்ணின் செல்போனில்தான் கிடக்கிறது. அந்தப் பெண் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டால், யார் எவ்வளவு கட்டினார் என்பதில் சண்டைதான் மிஞ்சும்.

சகோதரிகளே, இவற்றைக் குழுவுக்கே சொந்தமான ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் வைக்கலாம். உள்ளங்கை அகல ராஸ்பெர்ரி பை போதும். கரண்ட் செலவு ஒரு சின்ன பல்பு அளவுதான். அதில் எதை ஏற்றுவது? புதியவர்களுக்கு ஏற்றவை ஃப்ரீடம்பாக்ஸும் யூனோஹோஸ்டும். முன்னது அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் எபன் மோக்லனின் யோசனையில் 2010-ல் பிறந்தது. இரண்டும் இலவசம். ஒருமுறை ஏற்றிவிட்டால் பிறகு பிரௌசரில் தட்டித் தட்டியே நடத்தலாம். யூனோஹோஸ்டில் செயலிகள் ஏராளம், ஃப்ரீடம்பாக்ஸில் குறைவு. கல்யாண வீட்டுப் பாத்திரம் நமக்கெதற்கு? இருபது பேர் குழுவுக்கு ஃப்ரீடம்பாக்ஸே தாராளம் என்பேன். பைல், நாட்காட்டி, அரட்டை, பேக்கப் எல்லாம் அதில் உண்டு. இன்டர்நெட் இல்லாவிட்டாலும் அதே வைஃபைக்குள் இருப்பவர்கள் பார்க்கலாம்.

ஈமெயிலை மட்டும் இதில் நடத்தப் பார்க்காதீர்கள். வீட்டு இணைப்பிலிருந்து போகிற கடிதத்தைப் பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் தள்ளிவிடும்.

காரியாபட்டிப் பக்கம் கரண்ட் சொல்லிக்கொண்டா போகிறது? திடீரென்று அணைந்தால் மெமரி கார்டு கெட்டுப்போகலாம். ஒரு சின்ன யூ.பி.எஸ். அவசியம். பாஸ்வேர்டு இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும். பேக்கப் டிஸ்க் இன்னொருத்தி வீட்டுப் பீரோவில் இருக்கட்டும். பேரேட்டையும் பரண்மேல் போட்டுவிடாதீர்கள். பாங்கில் முதலில் கேட்பது அதைத்தான்.