ஊதாங்கோல் இல்லாத நெருப்பு

மீன் ஏலம் முடிந்து ஐஸ் பெட்டிகள் கிளம்பிய பிறகு பழவேற்காடு கொஞ்சம் ஓயும். டச்சுக் கோட்டையைப் பார்க்க அதுதான் நேரம். போனால் கோட்டை கண்ணில் படாது. சீமைக்கருவேல முள், மேடும் பள்ளமுமான மண், அங்கங்கே பழைய செங்கல். 1613இல் எழுந்த கெல்டிரியா கோட்டையில் மிஞ்சியது இவ்வளவுதான்.

துணி வணிகத்துக்குப் பேர்போன இந்த ஊரில், 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களின் வெடிமருந்துத் தொழிற்சாலையும் இருந்தது. இங்கே அரைத்த மருந்து ஜாவாவின் பட்டாவியா வரை கப்பலேறியது.

வெடிமருந்துக்கு மூன்றே சரக்கு: கரி, கந்தகம், வெடியுப்பு. இதில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெடியுப்பு. ஏன் அவ்வளவு? அடுப்பு மங்கினால் ஊதாங்கோலால் ஊதுகிறோம். நெருப்புக்கு ஆக்சிஜன் வேண்டும். பீரங்கிக்குள் இறுக்கி அடைத்த கரிக்கு யார் ஊதுவது? வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், தனக்குள்ளேயே ஆக்சிஜனைக் கட்டி வைத்திருக்கிறது. சூடு பட்டதும் அவிழ்த்துவிடும்.

அந்த உப்பு மண்ணில் விளைந்தது என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. மாட்டுக் கொட்டகை மண்ணில் ஊறும் மூத்திரத்தின் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். கோடையில் அது தரையில் வெள்ளையாகப் பூக்கும். சுரண்டி, கரைத்து, விறகுச் சாம்பல் சேர்த்துக் காய்ச்சுவார்கள். சமையலுப்பும் அதில் கலந்திருக்கும். பிரிப்பதற்கு வழி ஒன்று உண்டு. கொதிக்கும் 100 கிராம் தண்ணீரில் சுமார் 245 கிராம் வெடியுப்பு கரையும். 20 டிகிரிக்கு ஆறினால் 32 கிராம்தான் தாங்கும். மிச்சம் படிகமாக இறங்கிவிடும். சமையலுப்போ சூட்டிலும் குளிரிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு கரைவதால் தண்ணீரிலேயே தங்கிவிடும். வேதியியல் என்று ஒரு பாடம் உருவாகும் முன்பே கைகளுக்குத் தெரிந்திருந்த வித்தை இது.

கோட்டை மேட்டிலிருந்து வடக்கே பாருங்கள். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்தீவுதான் ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட்டுக்கான திட எரிபொருளை அங்கேயே தயாரிக்கிறார்கள். எல்விஎம்3 ராக்கெட்டின் இரு பக்கமும் நிற்கும் ஊக்கி ஒவ்வொன்றிலும் சுமார் 200 டன். கரியின் இடத்தில் அலுமினியப் பொடியும் ரப்பர் போன்ற பிசினும். வெடியுப்பின் இடத்தில் அம்மோனியம் பெர்குளோரேட். சூத்திரம் பழையதுதான்: நெருப்பு தன் மூச்சைத் தானே சுமந்து போகிறது. ராக்கெட் ஏறும் நாளில் குறிப்பிட்ட கடற்பகுதிக்குப் போக வேண்டாம் என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வரும். பழவேற்காட்டுக் கரையிலிருந்தே அந்தப் புகைக்கோட்டைப் பார்க்கலாம்.

பழைய ஆலை நிலங்களைப் பல நகரங்கள் ஆற்றோரப் பூங்காவாக்கியிருக்கின்றன. இந்தக் கோட்டை மேட்டில் புல்தரையும் நீரூற்றும் வேண்டாம் என்பேன். முள்ளை விலக்கி ஒரு நடைபாதை, நடந்ததைச் சொல்லும் ஒரு பலகை, அவ்வளவு போதும்.

பலகையில் அந்த முள்மரத்துக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும். சீமைக்கருவேலம் பயறு வகைக் குடும்பம். அதன் வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியா, காற்றின் நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக்குகிறது. இலை உதிர்ந்து மக்கும்போது அது மண்ணில் சேரும். மண்ணின் பாக்டீரியா அதை மறுபடி நைட்ரேட்டாக மாற்றும்.