ஓடினால் தசை கரையுமா?

கட்டுகஸ்தோட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். காலையில் கண்டி வாவியைச் சுற்றி ஓடுகிறார், மாலையில் ஜிம்முக்குப் போய் எடை தூக்குகிறார். அங்கே பயிற்சி கொடுப்பவர் சொன்னாராம்: "தம்பி, ஓடுறத நிப்பாட்டுங்க. ஓடினா மசில் எல்லாம் கரைஞ்சு போயிடும்." ஓட்டத்தை நிறுத்திவிடவா, எடைக்கு முன்னே ஓடவா, பின்னே ஓடவா, வேறு நாளுக்கு மாற்றவா? இதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது.

நிறுத்த வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்டியோ தசைக்கு எதிரி என்ற பேச்சு யூடியூபில் நாளுக்கு நாள் பெருகுகிறது. அப்படிப் பேசும் காணொளிகள் பலவும் முடிவில் ஏதாவது ஒரு மாவு டப்பாவைக் காட்டித்தான் முடிகின்றன. ஆனால் அந்தப் பேச்சு வெறும் கற்பனையும் இல்லை. அதற்குக் கீழே உண்மையான ஓர் உயிரியல் இருக்கிறது, அதுவும் மிக அழகான உயிரியல். அதை அரைகுறையாகச் சொல்லிப் பயமுறுத்துகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

வரலாறு சுருக்கமாக. ரொபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் எடை தூக்குவதில் ஈடுபாடு உள்ளவர். தன் பேராசிரியரோடு சேர்ந்து ஓடத் தொடங்கியபின் தன் பலம் குறைவதைக் கவனித்தார். 1980இல் அவர் வெளியிட்ட ஆய்வில் மூன்று குழுக்கள்: எடை மட்டும் தூக்கியவர்கள், ஓட்டமும் சைக்கிளும் மட்டும் செய்தவர்கள், இரண்டையும் செய்தவர்கள். பத்து வாரம் கழித்து முதற்குழுவின் கால் பலம் 44 சதவீதம் கூடியிருந்தது. இரண்டையும் செய்த குழுவுக்கு 25 சதவீதம். ஏழெட்டு வாரம் வரை இரு குழுக்களும் சமமாகத்தான் போயின, கடைசி வாரங்களில்தான் கலப்புக் குழு சரிந்தது. இன்றுவரை எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த ஆய்வைத்தான். அந்தக் குழு வாரத்தில் ஐந்து நாள் எடை, ஆறு நாள் கடும் கார்டியோ என்று பதினொரு முறை உழைத்தது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. வேலைக்குப் போய் வரும் எந்த மனிதர் அப்படிச் செய்கிறார்?

இனி விஷயத்துக்கு வருவோம். தசை இழையின் செலவுக்கெல்லாம் பணம் ஏடிபி. செலவாகும்போது அது ஒரு பொஸ்பேற்றை இழந்து டைபொஸ்பேற்றாகக் குவிகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். நெருக்கடி வரும்போது இழை ஒரு தந்திரம் செய்கிறது: இரண்டு டைபொஸ்பேற்றைச் சேர்த்து ஓர் ஏடிபியை மீட்டெடுக்கிறது. மிச்சமாக ஓர் ஏஎம்பி விழுகிறது. சாதாரணமாக இழைக்குள் ஏடிபி ஏராளம், ஏஎம்பி மிகமிகச் சொற்பம். அதனால் ஏடிபி பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஏஎம்பி பல மடங்கு பெருகிவிடுகிறது. பெரிய தொகையில் வந்த சிறு குறைவு, சின்னத் தொகையில் பெரும் பெருக்கமாகத் தெரிகிறது. இழைக்கு இதைவிட நல்ல உருப்பெருக்கி கிடையாது.

இந்த ஏஎம்பியைக் கண்காணிக்கும் நொதியத்தின் பெயர் ஏஎம்பிகே. வீட்டுச் செலவைப் பார்க்கும் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். அலுமாரியில் எத்தனை ஐயாயிரம் ரூபா நோட்டு இருக்கிறது என்று அவர் நாளும் எண்ணுவதில்லை. தகர டப்பாவில் சில்லறை குவிகிறதா என்றுதான் பார்க்கிறார். சில்லறை குவிந்தால் நோட்டுகள் மாற்றப்படுகின்றன, கை இறுகுகிறது என்று பொருள். அதே வீட்டின் பின்புறத்தில் ஒரு மேசன் புது அறை கட்டிக்கொண்டிருக்கிறார். அவர்தான் எம்டோர்: எடை தூக்கியபின் புதுப் புரதம் கட்டச் சொல்லும் தொகுதி. நாம் சாப்பிடும் பருப்பும் மீனும் முட்டையும் அவருக்கு வரும் சீமெந்து. சில்லறை பெருகியதும் அம்மா முதலில் வேலையை மேற்பார்க்கும் மனிதரிடம், "இன்றைக்கு நிற்கட்டும்" என்கிறார். உயிரணுவில் அந்த மேற்பார்வையாளர் டிஎஸ்சி2 என்ற புரதம். அதோடு விடுவதில்லை. மேசனுக்குக் கலவை எடுத்துக் கொடுக்கும் கையாளையும் தனியே கூப்பிட்டு நிறுத்துகிறார். அவர் ராப்டர், எம்டோருக்கு வேலைப் பொருளைக் கொண்டுவந்து சேர்ப்பவர். இரண்டு பக்கமும் தடுத்தால்தான் மேசன் உண்மையிலேயே கையை நிறுத்துவார் என்று அம்மாவுக்குத் தெரியும். அடுப்பு எரியாத வீட்டில் அறை கட்டுவது எப்படிப் பொருந்தும்?

ஓட்டம் எடையைக் கெடுக்கும் என்ற கதையின் வேர் இதுதான். ஆனால் அம்மாவின் மற்ற வேலையையும் பாருங்கள். சில்லறை பெருகியதும் அவர் மேசனை நிறுத்துவதோடு, பின்கதவைத் திறந்து கடையிலிருந்து அரிசியையும் எடுத்து வரச் சொல்கிறார். உழைக்கும் தசையில், இன்சுலின் வந்து கேட்காமலேயே, குளுக்கோசை உள்ளே விடும் வாயில்கள் இழையின் மேற்பரப்புக்கு வருகின்றன. அவற்றை வரவழைப்பதில் ஏஎம்பிகேக்கும் பங்குண்டு. இலங்கையில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கேனும் நீரிழிவோ அதன் முன்நிலையோ இருக்கிறது. இந்த நாட்டில், இன்சுலினை எதிர்பார்க்காமல் சர்க்கரையை உள்ளிழுக்கும் ஒரு வழியை, தசை பருக்க வேண்டும் என்பதற்காக மூடச் சொல்வது எனக்குச் சற்றும் ஏற்புடையதாக இல்லை. நம் வீடுகளில் பலர் விழுங்கும் மெட்ஃபோர்மினும் இதே ஏஎம்பிகேயைத் தட்டி எழுப்பும் மருந்துதான். 65 வயதைத் தாண்டிய ஆரோக்கியமானவர்களுக்கு மெட்ஃபோர்மின் கொடுத்து எடைப் பயிற்சி செய்வித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2019இல் வெளிவந்தது. மாத்திரை எடுத்தவர்களின் தசை வளர்ச்சி மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. மேசனுக்கும் அம்மாவுக்கும் இடையிலான இழுபறி மனித உடலில் கண்கூடாகத் தெரிந்த இடம் அது. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் நீரிழிவுக்காரர்கள் அல்ல, மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் வைத்தியரின் வேலை.

சரி, ஓட்டமும் இப்படித் தசை வளர்ச்சியைக் குறைக்கிறதா? இங்கேதான் கதை மெலிகிறது. இந்த இழுபறியை எல்லோரும் பேசக் காரணமாயிருந்தது 2005இல் ஸ்கொட்லாந்தின் டண்டீயிலிருந்து வந்த ஆய்வு. எலியிலிருந்து வெட்டியெடுத்த தசையை மின்சாரத்தால் மூன்று மணி நேரம் தொடர்ந்து தூண்டினார்கள், ஏஎம்பிகே எழுந்தது. வெட்டியெடுத்த எலித் தசை வாவிக்கரையில் ஓடும் மனிதர் அல்ல. அதற்குப் பின் சுவீடனில் செய்த ஒன்று எனக்கு மிகப் பிடித்தது. ஒரே ஆளின் ஒரு காலுக்கு எடைப் பயிற்சி மட்டும், மற்றக் காலுக்கு முதலில் நாற்பது நிமிடத்துக்கு மேல் சைக்கிள், பல மணி நேரம் கழித்து அதே எடைப் பயிற்சி. சாப்பாடு ஒன்று, தூக்கம் ஒன்று, பரம்பரை ஒன்று. இதைவிடச் சுத்தமான ஒப்பீடு எங்கே கிடைக்கும்? ஐந்து வாரத்தின் பின் இரண்டையும் செய்த கால்தான் கூடுதலாகப் பருத்திருந்தது. அறை நிற்கவில்லை, வேகமாகவே எழும்பியது.

காரணம் நேரத்தில் இருக்கிறது. ஓடி முடித்தபின் ஏஎம்பிகேயின் வேகம் சில மணி நேரத்துக்குள் தணிந்துவிடுகிறது. எடை தூக்கியபின் எம்டோரின் வேலை அதைவிட நீண்ட நேரம், அடுத்த நாள் வரைகூடப் போகும். அம்மா மதியத்துக்குள் சில்லறைக் கணக்கைச் சரி செய்துவிடுகிறார், மேசன் மாலையில் வந்து விளக்கைப் போட்டு இரவெல்லாம் கட்டுகிறார். காலை ஓட்டம், மாலை எடை என்ற நம் வாசகரின் வழக்கம் தற்செயலாகவே சரியான வழக்கம்.

2022இல் 43 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, கார்டியோ சேர்த்ததால் தசைப் பருமனும் உச்ச பலமும் குறையவில்லை என்றது. சற்றே அடிபட்டது வெடிப்பு வேகம், அதாவது எகிறிக் குதிப்பதும் நொடியில் பாய்வதும். அதுவும் இரண்டையும் ஒரே வேளையில் செய்தவர்களுக்கு. மூன்று மணி நேர இடைவெளி விட்டவர்களிடம் அந்தக் குறையும் தெரியவில்லை. ஒரே வேளையில்தான் முடியுமென்றால் எடை முதலில், ஓட்டம் பிறகு. அந்த வரிசையில் கால் பலம் கொஞ்சம் கூடுதலாக வருகிறது. பருமனிலும் மூச்சுத் திறனிலும் வரிசை ஒரு வித்தியாசமும் காட்டுவதில்லை. கால் களைத்தபின் கனமான ஸ்குவாட் செய்தால் பாரம் குறையும். அதைப் புரிந்துகொள்ள மூலக்கூறு ஒன்றும் தேவையில்லை.

நித்தவெல மைதானத்தில் கண்டி விளையாட்டுக் கழகத்தின் றக்பி வீரர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் கூர்மை தெரியும். ஸ்கிரம்மில் முட்டித் தள்ளவும் வேண்டும், எண்பது நிமிடம் ஓடவும் வேண்டும்; ஒன்றை விட்டு மற்றதை எடுப்பது அவர்களுக்கு முடியாத காரியம். றக்பி வீரர்களையே வைத்து ஏழு வாரம் நடத்திய ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. எடைக்கும் கார்டியோவுக்கும் இடையே இடைவெளியே விடாதவர்கள், ஆறு மணி நேரம் விட்டவர்கள், ஒரு முழு நாள் விட்டவர்கள் என்று பிரித்தார்கள். இடைவெளியே விடாதவர்களின் பல வளர்ச்சிதான் பின்தங்கியது. மூச்சுத் திறனில் அதிகம் முன்னேறியவர்கள் ஒரு நாள் விட்டவர்கள்.

கண்டிக்காரர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டு அறிவுரைகள் சமதரையையும் ட்ரெட்மில்லையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் ஊரில் வாவிக்கரையை விட்டால் சமதரை எங்கே? கண்டி வைத்தியசாலைப் பக்கமாக ஹந்தானை வீதியில் ஏறி, தேயிலை அருங்காட்சியகம் வரை நடந்து திரும்புபவர்களைக் கேளுங்கள். ஏறும்போது மூச்சு முட்டும், இறங்கும்போது லேசாக இருக்கும். மறுநாள் காலையில் வலிப்பது எது என்று கேட்டால் முன்தொடையைக் காட்டுவார்கள். ஏற்றம் அதைச் செய்யவில்லை, இறக்கம்தான் செய்தது. இறங்கும் ஒவ்வொரு அடியிலும் முன்தொடைத் தசை சுருங்க முயன்றபடியே நீள்கிறது, உடலின் எடையைப் பிடித்துப் பிடித்து விடுகிறது. இப்படி நீண்டபடி உழைப்பதில் ஒட்சிசன் செலவு குறைவு, ஆனால் இழைக்குள்ளிருக்கும் நுண்ணிய சுருங்கு அலகுகள் சில இழுபட்டு உருக்குலைகின்றன. வலி ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்கு வரும். பலம் அன்றே குறையும், மீளச் சில நாள் எடுக்கும். வீட்டில் பணத் தட்டுப்பாடே இல்லை, ஆனால் மேசன் புது அறையை விட்டுவிட்டு விரிசல் விட்ட பழைய சுவரைப் பூசப் போய்விட்டார்.

2012இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, சைக்கிளைவிட ஓட்டம்தான் எடைப் பயிற்சியோடு அதிகம் முரண்படுகிறது என்று காட்டியபோது, ஆய்வாளர்கள் சொன்ன விளக்கங்களில் இதுவும் ஒன்று: சைக்கிள் மிதிக்கும்போது தசை இப்படி நீள்வதில்லை. பின்வந்த ஆய்வுகளில் அந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாக வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் பஹிரவகந்தையிலிருந்தோ ஹந்தானையிலிருந்தோ இறங்கி வந்த மறுநாள் ஸ்குவாட் செய்து பார்த்தவருக்கு யாரும் ஆதாரம் காட்டத் தேவையில்லை. ஆறுதலான செய்தி, தசை இதை வேகமாகக் கற்றுக்கொள்கிறது. ஒருமுறை இறங்கி நொந்த தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தில் அவ்வளவு நோகாது. தினமும் மலையில் ஏறி இறங்கி வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை தேவைப்படாது. பல மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் மலையேறுபவர்களுக்குத்தான் இது.

ஆகவே கட்டுகஸ்தோட்டை நண்பரே, காலை ஓட்டத்தை விடாதீர்கள். ஓடி முடித்ததும் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போங்கள், மாலையில் எடையைத் தூக்குங்கள். எடை கூடவில்லையென்றால் ஓட்டத்தைச் சந்தேகிக்கும் முன் தட்டைப் பாருங்கள்: இரண்டு உழைப்புக்கும் சேர்த்துச் சாப்பிடுகிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை ஹந்தானைக்குப் போகும் எண்ணமிருந்தால் கால் பயிற்சியை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள், அடுத்த கால் பயிற்சியைப் புதன்கிழமைக்குத் தள்ளிப்போடுங்கள்.