மகனின் கரங்களில் அடங்கிய அன்னை

திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குச் செல்லும் அன்பர்கள் பகவானின் சமாதியை வலம் வந்து, அதை ஒட்டி அமைந்துள்ள மாத்ருபூதேசுவரர் சந்நிதியிலும் கைகூப்புவது வழக்கம். வங்கிப் பணியில் இருந்த காலத்தில் நானும் பலமுறை அவ்வாறு வணங்கியதுண்டு. ஆயினும், அங்கே லிங்கத்துக்கு அடியில் துயில்பவர் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்து, துயரங்கள் பல கண்ட ஒரு தாய் என்பதை என் மனம் உணர்ந்ததில்லை.

அவர்தாம் அழகம்மாள். திருச்சுழியில் வழக்குகளைக் கவனித்துவந்த சுந்தரமய்யரின் இல்லத்தரசி. 1892இல் கணவரை இழந்தார். 1896 ஆகஸ்டில், மதுரையில் சிற்றப்பா வீட்டில் தங்கிப் படித்துவந்த இரண்டாம் மகன் வேங்கடராமன், எவரிடமும் சொல்லாமல் அண்ணாமலைக்குப் புறப்பட்டுவிட்டான். அப்போது அவனுக்கு வயது 16.

மகன் இருக்குமிடம் அறிந்து 1898 டிசம்பரில் அன்னை பவழக்குன்றுக்கு வந்தார். சடைமுடியும் அழுக்கேறிய மேனியுமாக அமர்ந்திருந்த பிள்ளையைக் கண்டு உள்ளம் உருகினார். நாள்தோறும் வந்து, 'வீட்டுக்கு வா' என அழுது மன்றாடினார். மகனோ வாய் திறக்கவில்லை. உடனிருந்தோர் வேண்டியதன்பேரில், விதித்தது நடந்தே தீரும். ஆதலால் மௌனமே நன்று என்னும் கருத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தார். அன்னை வெறுங்கையுடன் திரும்பினார்.

துயரம் அத்துடன் நிற்கவில்லை. 1900இல் மூத்த மகன் நாகசுவாமி மறைந்தார். குடும்பத்தைத் தாங்கிய மைத்துனரும், இளைய மகனின் மனைவியும் பின்னர் அடுத்தடுத்துக் காலமாயினர். இதற்கிடையே 1914இல், மகனைக் காண வந்த இடத்தில் அன்னை கடுங்காய்ச்சலில் வீழ்ந்தார். தாய்க்காக அருணாசலனை வேண்டி பகவான் நான்கு பாடல்கள் இயற்றினார். அன்னையும் பிழைத்தெழுந்தார்.

1916இல் அன்னை மகனிடமே வந்து சேர்ந்தார். விரூபாட்சிக் குகையிலும், பின்னர் கந்தாசிரமத்திலும் வாழ்ந்தார். அதுவரை பிச்சை உணவில் நடந்துவந்த அந்த இடத்தில் அன்னையின் கையால் அடுப்பு எரியத் தொடங்கியது. அவர் ஆசாரம் மிகுந்தவர், வெங்காயத்தையும் விலக்குபவர். பகவான் அதைச் சொல்லிச் செல்லமாகக் கேலி செய்வார். அப்பளம் இட உதவிக்கு அழைத்த தாய்க்கு, அப்பளத்தையே ஆன்ம விசாரமாக்கி ஒரு பாட்டு இயற்றித் தந்தார். எல்லாப் பெண்களும் தமக்குத் தாயே என்றும் உணர்த்தினார். 'என் பிள்ளை' என்னும் பற்று இவ்வாறு மெல்ல மெல்லக் கரைந்தது.

1922 மே 19. வைகாசித் தேய்பிறை நவமி. அன்று காலை முதல் அன்னைக்கு மூச்சு வாங்கியது. பகவான் அருகில் அமர்ந்து, வலக்கரத்தை அன்னையின் மார்பிலும் இடக்கரத்தைத் தலையிலும் வைத்தார். ஒருபுறம் வேதம் ஒலிக்க, மறுபுறம் ராம நாமம் முழங்கிற்று. இரவு எட்டு மணியளவில் மூச்சு ஒடுங்கியது. அன்னை இறக்கவில்லை, அடங்கிவிட்டார் என்றார் பகவான். தீட்டில்லை என்று அனைவரும் உணவும் கொண்டனர்.

ஞானம் பெற்ற பெண்ணின் உடலை எரிக்கலாகாது என்பது ரமண கீதையில் காணும் பகவானின் தீர்ப்பு. அதன்படி மலையடிவாரத்தில், பாலி தீர்த்தத்தின் அருகில், துறவிக்குரிய முறையில் அன்னைக்குச் சமாதி அமைந்தது. சில மாதங்களில் பகவானும் மலையிலிருந்து இறங்கி அங்கேயே தங்கிவிட்டார். அதுவே ரமணாசிரமம் ஆயிற்று. 1949 மார்ச்சில் அன்னையின் ஆலயத்துக்குக் கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. அனைத்தையும் துறந்த மகன், தாயைத் துறக்கவில்லை.

என் தாயார் சிற்றூரில் தனியே இருந்தார். உடல்நிலை மோசம் என்று செய்தி வந்தது ஒரு மார்ச் மாத இறுதியில். ஆண்டுக் கணக்கை முடித்துவிட்டுப் புறப்படலாம் என எண்ணினேன். போய்ச் சேர்ந்தபோது, கூடத்தில் விளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். கணக்கு அன்று ஒரு காசும் பிசகாமல் நேரானது. இந்தக் கடன் மட்டும் இன்றளவும் தீரவில்லை.

இப்போது அந்தச் சந்நிதியில் சற்று நேரம் அமர்ந்துவிட்டே வருகிறேன். நம்மால் முத்தி தர இயலாது. ஆனால், முதிய தாயின் மார்பிலும் தலையிலும் கை வைத்து அருகில் அமர்ந்திருக்க இயலும். தாயார் இருக்கப்பெற்ற அன்பர்கள் அடுத்த விடுமுறைக்கெனத் தள்ளிவைக்காமல், இந்த வாரமே ஊருக்குச் சென்று வாருங்கள். அன்னையின் அருள் துணை நிற்கும்.