மனப்பாடம் கொசுவை விரட்டுமா?

ஏடிஸ் கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியைப் படிவம் 4 மாணவரிடம் கேட்டால், "முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு" என்று மளமளவென ஒப்புவித்துவிடுவார். அவரிடமே, "உங்கள் தாமானில் புகை மருந்து அடித்த பிறகும் டிங்கி குறையவில்லையே, ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் விழிப்பார்கள். விடைக்கு வேண்டிய பாடம் அவர்களிடம் உண்டு. அதை எடுத்துப் பயன்படுத்தும் பழக்கந்தான் இல்லை.

அந்தப் பழக்கத்தை வளர்ப்பதே சிக்கல்வழிக் கற்றல். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1969-இல் தொடங்கிய முறை இது. சிங்கப்பூரில் 2002-இல் நிறுவப்பட்ட ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரியும் இதையே அடிப்படையாகக் கொண்டது.

உயிரியல் வகுப்பில் இது எப்படி நடக்கும்? ஆசிரியர் முதலில் பாடத்தை விளக்குவதில்லை. புகை மருந்துச் சிக்கலை முன்வைக்கிறார். மாணவர்கள் குழுவாக அமர்ந்து, தெரிந்தவை எவை, தெரிய வேண்டியவை எவை, எங்கே தேடலாம் என்று எழுதுகிறார்கள். தேடத் தேட உண்மைகள் தெளிவாகின்றன. புகை, பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். நீரில் உள்ள முட்டையையும் புழுவையும் ஒன்றும் செய்யாது. கதவு, சன்னல்களை மூடிவிட்டால் வீட்டிற்குள் இருக்கும் கொசுவும் தப்பிவிடும். மருந்தைத் தாங்கும் மரபுப் பண்புள்ள கொசுக்கள் பிழைத்துப் பெருகும். முட்டைகளோ ஈரமில்லாமலே பல மாதங்கள் உயிரோடு இருக்கும்.

முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் ஆகும். ஆகவே, வாரம் ஒருமுறை பூந்தொட்டித் தட்டுகளைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தால் சுழற்சி அறுந்துவிடும் என்ற முடிவுக்கு மாணவர்களே வருகிறார்கள். ஒப்புவித்த அதே நான்கு சொற்கள் இப்போது ஒரு திட்டமாகிவிட்டன.

கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1956-இல் சிந்தனைத் திறன்களைப் படிநிலைகளாக வகுத்தார். மலேசியாவில் பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், உருவாக்குதல் ஆகிய நான்கும் உயர்நிலைச் சிந்தனையாகக் கொள்ளப்படுகின்றன. 2013–2025 மலேசியக் கல்விப் பெருந்திட்டமும் இதனையே வலியுறுத்தியது. எஸ்.பி.எம். தேர்விலும் இத்தகைய வினாக்கள் இடம்பெறுகின்றன.

"இப்படிப் பேசிக்கொண்டிருந்தால் பாடத்தை எப்போது முடிப்பது?" என்று பெற்றோர் கவலைப்படுவது நியாயமே. புதிதாகக் கற்பவர்களை வழிகாட்டாமல் விட்டால் அவர்கள் குறைவாகவே கற்பார்கள் என்று கிர்ஷ்னர், சுவெல்லர், கிளார்க் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2006-இல் எச்சரித்தனர். எனவே ஆசிரியர் ஒதுங்கி நிற்கக் கூடாது. குழு தடம் மாறும்போது சரியான கேள்வியைக் கேட்டுத் திருப்ப வேண்டும். அடிப்படைப் பாடமும் மனத்தில் பதிந்திருக்க வேண்டும். வாழ்க்கைச் சுழற்சியே தெரியாதவர் அதை எந்த இடத்தில் அறுப்பார்?

உயிரியலில் 'ஏ' பெற்ற பிள்ளையின் வீட்டு வாசலிலேயே பூந்தொட்டித் தட்டில் புழு நெளிந்தால், அந்தக் கல்வியால் யாருக்கு என்ன பயன்? பெற்றோர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டைச் சுற்றிப் பார்க்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள். எந்த இடத்தில் தண்ணீர் தேங்குகிறது, அதற்கு என்ன செய்யலாம் என்று அவரே சொல்லட்டும். அப்போது தெரியும், அவர் பாடத்தைப் படித்தாரா, புரிந்துகொண்டாரா என்று.