ஒரு பக்கத்துக்கு எவ்வளவு கூலி?

மாணவர்களே, 1880களில் பினாங்கில் குலாம் காதிறு நாவலர் ‘வித்தியா விசாரிணி’ என்ற தமிழ் இதழை நடத்தினார். அச்சு இதழுக்குக் கட்டும் சந்தா அந்த இதழுக்கே போய்ச் சேரும். ஆனால், ஒரே சந்தாவில் பல்லாயிரம் மின்னூல்களைப் படிக்க முடிந்தால், பணத்தை எப்படிப் பிரிப்பது?

அமேசானின் ‘கிண்டில் அன்லிமிட்டெட்’ திட்டத்தில் தமிழ் நூல்களும் உண்டு. தாமே நூல் வெளியிடும் எழுத்தாளர்களுக்காக மாதந்தோறும் ஒரு தொகை ஒதுக்கப்படுகிறது. 2015 ஜூலை முதல், படிக்கப்பட்ட பக்கங்களைக் கணக்கிட்டு அதைப் பங்கிடுகிறார்கள்.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். தொகை 1,000 ரிங்கிட், எல்லாரும் படித்த பக்கங்கள் 100,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்கு 1 சென். உங்கள் 200 பக்க நூலை 50 பேர் முழுதாகப் படித்தால் 100 ரிங்கிட் கிடைக்கும். தொகை மாறாமல் மொத்தப் பக்கங்கள் இரட்டிப்பானால்? 50 ரிங்கிட்தான்!

எழுத்தைப் பெரிதாக்கினாலும் பக்கம் கூடாது. எல்லா நூல்களையும் ஒரே அளவுகோலால் அளக்கிறார்கள்.

சிலர் முதல் பக்கத்தில் இணைப்பு வைத்து, வாசகரைக் கடைசிப் பக்கத்துக்குத் தாவ வைத்தார்கள். இடையிலிருந்த பக்கங்களும் படித்ததாகப் பதிவாயின. 2016இல், ஒரு வாசகருக்கு ஒரு நூலில் 3,000 பக்கங்கள் வரையே கணக்கு என வரம்பு வந்தது.

அந்த ஏமாற்றில் பணத்தை இழந்தவர் யார்? மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள், விடை அதிலேயே இருக்கிறது.