சிங்கூர் புகட்டும் பாடம்

ஆலைச் சங்கொலி கேட்டெழுந்து, ஆலைச் சம்பளத்தில் அடுப்பெரிக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. தொழிற்சாலைக்காகச் சர்க்கார் நிலம் எடுப்பதையும், நிலத்துக்குரியோர் அதை எதிர்த்து வழக்காடுவதையும் செய்தித்தாளில் காணுந்தோறும் நம் மனம் இருபக்கமும் சாய்கிறது. தொழில் பெருகினாலன்றி வேலை பெருகாது. ஆயினும், நாம் பணிபுரியும் ஆலையும் ஒருகாலத்தில் எவரோ உழுத வயலாக இருந்திருக்கும் என்பதை மறத்தல் தகுமா?

மேற்கு வங்காளத்தில், ஹூக்ளி ஜில்லாவில் உள்ளது சிங்கூர். நெல்லும் உருளைக்கிழங்கும் விளையும் பூமி. அங்கே டாட்டா நிறுவனத்தின் சிறு மோட்டார் கார்த் தொழிற்சாலைக்காக, 2006-ஆம் ஆண்டில் மாநில சர்க்கார் சுமார் 997 ஏக்கர் நிலத்தை, 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எடுத்துக்கொண்டது. பலர் நஷ்ட ஈடு பெற்றனர். ஒரு பகுதியினர் வாங்க மறுத்தனர். கிளர்ச்சி மூண்டது. 2008 ஜனவரியில் கல்கத்தா ஹைகோர்ட்டு சர்க்காரின் செயல் செல்லும் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் நிறுவனமோ தொழிற்சாலையைக் குஜராத்தின் சாணந்துக்கு மாற்றிக்கொண்டது. ஆலையும் இல்லை, அறுவடையும் இல்லை என்ற நிலை.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டை அடைந்து, 2016 ஆகஸ்ட் 31-ஆம் தேதி தீர்ப்பாயிற்று. நிலம் எடுத்தது பொது நோக்கத்துக்கா, ஒரு கம்பெனிக்கா என்பதில் நீதிபதிகள் இருவரும் வேறுபட்டனர். ஆனால், உடையவர்களின் ஆட்சேபணைகள் முறைப்படி ஆராயப்படவில்லை என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். நிலத்தை 12 வாரங்களுக்குள் திருப்பித் தரவேண்டும். பத்தாண்டு நிலமின்றி வாடியவர்கள் பெற்ற நஷ்ட ஈட்டைத் திருப்பித் தரவேண்டியதில்லை என்பது ஆணை.

அன்பர்கள் இங்கே ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. பழைய சட்டத்திலேயே, அறிவிப்பு வெளியானபின் 30 நாட்களுக்குள் ஆட்சேபணை கூறும் உரிமை இருந்தது. கலெக்டர் அதைக் கேட்டு, ஆராய்ந்து, சர்க்காருக்கு அறிக்கை தரவேண்டும். அந்த ஒரு கடமையைச் சடங்காக முடித்ததனாலேயே இத்தனை ஆண்டுகளும் பாழாயின. உழவன் சொல்லைச் சில வாரங்கள் பொறுமையாகக் கேட்டிருந்தால், ஆலைக்கு வேறிடமேனும் அமைந்திருக்கும். அல்லது அவன் மனமேனும் ஆறியிருக்கும். கேளாமல் எடுத்த நிலம் எவருக்கும் உதவாமற் போயிற்று.

2014 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த புதிய மத்தியச் சட்டம், தனியார் கம்பெனிக்கு நிலம் எடுப்பதாயின் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தினரின் இசைவு வேண்டும் என்கிறது. ஆட்சேபணைக்கு 60 நாட்கள் தருகிறது. ஆனால் நம் தாயகத்தில் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுத் தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டம் தனியே இயங்குகிறது. சென்னை ஹைகோர்ட்டு 2019-இல் அது செல்லாது என்றது. சட்டசபை அதற்கு மீண்டும் உயிரளித்தது. 2021-இல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்றது. அதன்படி இசைவு கேட்கவேண்டியதில்லை. நஷ்ட ஈடு மத்தியச் சட்ட அளவில் உண்டு. காரணம் காட்டி ஆட்சேபிக்கும் உரிமையும் உண்டு.

நம்மில் பலருக்கு ஊரில் கால் ஏக்கரோ அரை ஏக்கரோ இருக்கிறது. பட்டா இன்னும் பாட்டனார் பெயரில்! நோட்டீஸ் ஊருக்குப் போகும். நாமோ இங்கே இருப்போம். கெடு கடந்தபின் கண்ணீர் விடுவதில் பயனென்ன? அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும்போது, குலதெய்வத்தைக் கும்பிட்ட கையோடு தாலுகா ஆபீஸிலும் நுழைந்து, பட்டாவை நம் பெயருக்கு மாற்றிக்கொண்டு வருவோமாக. நிலத்தைக் கொடுப்பதாயினும் மறுப்பதாயினும், நம் சொல்லைக் கேட்டபின்னரே அது முடிவாகவேண்டும். அங்ஙனமே, நமக்குச் சோறிடும் ஆலை விரிவடைய அயலாரின் வயலைக் கேட்கும்போது, அவர் சொல்லுக்கும் நாம் செவிசாய்ப்பதே அறம்.